பழி விழும் இடம்

குற்றம் பிறக்கும் இடமும் அது வெளிப்படும் இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டுமென்ற நியதி எதுவுமில்லை. எனினும் வெளிப்படும் இடத்திலேயே பழியைச் சுமத்திவிட்டு அமைதி அடைவது நமது அறவுணர்வின் பழகிப்போன சோம்பல். இதனை விளங்கிக்கொள்ள அறநூல்களைப் புரட்டவேண்டியதில்லை. பழைய லொறிக்கு வேறோர் எஞ்சின் பூட்டும் தொழிலாளியின் வேலையை ஊன்றிப் பார்த்தாலே போதும்.

அமெரிக்காவில் 1947 முதல் 1955 வரை வெளிவந்த செவ்ரோலே லொறிகளில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் நீண்ட எஞ்சின் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அதே நிறுவனம் 1955ஆம் ஆண்டுக் கார்களுடன் அறிமுகப்படுத்திய எட்டுச் சிலிண்டர் ‘வி’ எஞ்சினை அமர்த்துவது அந்நாட்டில் பெருவழக்கு. பழையதற்கு அமைந்த தாங்கிகள் புதியதற்குப் பொருந்தா. அதன் விலாப்புறங்களைத் தாங்கப் புதிய தாங்கிகளைச் சட்டகத்தில் பற்றவைக்க வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

சற்றுப் பின்னே போனால் எஞ்சின் சாரதியறைச் சுவரில் இடிக்கும். முன்னே வந்தால் விசிறி ரேடியேற்றரைத் தொடும். இடப்புறத்தில் புகைக்குழாய்க்கும் ஸ்டியரிங் பெட்டிக்கும் இடம் காணாது. இவை கண்ணிற் படும் தவறுகள், உடனே திருத்தப்படும். கண்ணிற் படாதது சாய்வு. எஞ்சினின் பின்புறம் ஏறத்தாழ 3 பாகை தாழ்ந்திருப்பது வழக்கம். சுழல்தண்டின் இருமுனைகளிலுமுள்ள மூட்டுக்கள் கோணத்தில் இயங்குகையில், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறைகிறது. எஞ்சினின் அச்சும் பின்னச்சின் சிறு பற்சில்லினது அச்சும் சமாந்தரமாயின் ஒரு மூட்டின் ஏற்றத்தாழ்வை மற்றது ஈடுசெய்யும். தவறினால் அதிர்வு மிஞ்சும். (கோணமே இல்லாதிருத்தல் உத்தமம் என்பாருமுளர். அப்பொழுது மூட்டினுள்ளே ஊசிபோன்ற சிற்றுருளைகள் அசையாது கிடந்து, கிடந்த இடத்தையே குழியாக்கும்!)

ஆதலால் கைதேர்ந்தவன் லொறியை அந்தரத்தில் தூக்கி வைத்து அளப்பதில்லை. சில்லுகள் நிலத்தில் ஊன்றி, பாரம் வில்லுகளில் இறங்கிய பின்னரே அளக்கிறான். தாங்கிகளை முதலிற் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, மீண்டும் அளந்து, சரிகண்ட பின்பே முழுவதும் ஒட்டுகிறான். இதனை வெறும் கைவேலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. முழு வாகனமும் அவன் மனத்தில் ஓடிப் பார்க்கப்படுகிறது.

அவசரக்காரன் இட்ட தாங்கியோ சும்மா இருக்கும். சில மாதங்களில் தேய்வது மூட்டு. அதை மாற்றுகிறார்கள், அதுவும் தேய்கிறது. ஈற்றில், சாரதி முரடன் என்று தீர்ப்பாகிறது. இரண்டு வருடம் கணித ஆசிரியரின்றிக் கழித்த மாணவன் சாதாரண தரப் பரீட்சையில் தவறும்போது, அவனைச் சோம்பேறி என்று நமது ஆசிரியர் அறைகளில் நாம் கூறுவதும் இவ்விதமே.

ஒருவர் ஆட்சேபிக்கலாம்: மூட்டு இரும்பு, சாரதி மனிதன்; நிலைமையைக் காட்டி மனிதன் தப்பலாமா? நியாயமான கேள்விதான். அதிர்வை உணர்ந்தும் வாய்திறவாத சாரதிக்கும் பங்குண்டு. ஆனால் அவன் வாய்திறந்தால் நடப்பதென்ன? தாங்கியைத் திருத்துவதானால் எஞ்சினை இறக்கவேண்டும், ஒட்டியதை அறுக்கவேண்டும், லொறி பல நாள் ஓடாது. மூட்டின் விலையைக் கொடுக்க முதலாளி எப்பொழுதும் ஆயத்தம். அறுப்புக் கூலியைக் கேட்டால்தான், சாரதியை மாற்றலாமே என்கிறார்.