அழ ஆளில்லாத உடல்

ழாக் லூயி தாவித் வரைந்த 'மராவின் மரணம்' ஓவியத்தை ஒரு புத்தகத்தில்தான் முதலில் பார்த்தேன். குளியல் தொட்டிக்கு வெளியே தளர்ந்து தொங்கும் அந்த வலது கையை உடனே அடையாளம் தெரிந்தது. பெரிய வெள்ளி மாலையில், சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் சுரூபத்தை முத்தி செய்து வளர்ந்தவள் நான். கரவாஜியோவின் 'கிறிஸ்துவின் அடக்கம்' ஓவியத்திலும் அதே கைதான். தாவித் இளமையில் ரோமில் ஐந்தாண்டுகள் தங்கி ஓவியம் பயின்றவர். அவருக்கு அந்தக் கை தெரியாமல் இருந்திருக்காது.

ஆலயங்களை மூடிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் புரட்சிக்குக் கிறிஸ்துவின் உடல் எதற்குத் தேவைப்பட்டது? இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மரா 'மக்களின் நண்பன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். தோல் நோயின் வேதனை தாங்காமல் தொட்டித் தண்ணீரில் அமர்ந்தபடியே எழுதுவார். 1793 ஜூலை 13 அன்று, கான் நகரிலிருந்து வந்த சார்லத் கொர்தே என்ற 24 வயதுப் பெண் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். தாவித் தேசிய மன்ற உறுப்பினர். மன்னருக்கு மரண தண்டனை கேட்டு வாக்களித்தவர். முந்தைய நாள்தான் மராவைப் போய்ப் பார்த்திருந்தார். நண்பரை வரையச் சொல்லி மன்றம் கேட்டது. அக்டோபரில் ஓவியம் முடிந்தது.

அதில் நோயின் புண்கள் இல்லை. தோல் பளிங்குபோல் இருக்கிறது. மேல் பாதி முழுவதும் வெறும் இருட்டுச் சுவர். பக்கத்திலுள்ள மரப்பெட்டியில் முதலில் 1793 என்றுதான் எழுதியிருந்தார். பிறகு கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் அந்த ஆண்டை அழித்துவிட்டு, புரட்சியின் 'இரண்டாம் ஆண்டு' என்று எழுதினார். உற்றுப் பார்த்தால் அழித்த தடம் தெரியும். ஆண்டை அழித்தவர் உடலை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆனால் மாதாவை வைத்துக்கொள்ளவில்லை. மகனை மடியில் கிடத்திய வியாகுல மாதா அழுகிறாள். யாரையும் பழிவாங்கச் சொல்லவில்லை. மராவின் வீட்டிலும் அழ ஆள் இருந்தது. அவருடைய துணைவி சிமோன் எவ்ரார் அலறல் கேட்டு ஓடிவந்தார். தாவித் அவரை வரையவில்லை. மாதா இருக்க வேண்டிய இடத்தில், பார்க்கிற நாம் நிற்கிறோம். அன்று அங்கே நின்றவர்களோ தேசிய மன்ற உறுப்பினர்கள், சட்டம் இயற்றும் அதிகாரம் கொண்டவர்கள். மன்ற மண்டபத்திலேயே இந்த ஓவியம் மாட்டப்பட்டது. அழுது தீர வேண்டிய துக்கம் அங்கே சபதமாயிற்று.

தாவித்தை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். பெட்டிமேல் ஒரு காகிதப் பணத்தையும் ஒரு சீட்டையும் வரைந்திருக்கிறார்: நாட்டுக்காக உயிர்விட்டவனின் மனைவிக்கு, ஐந்து பிள்ளைகளின் தாய்க்கு, மரா கொடுக்கச் சொன்ன உதவி. ஏழைகளின் நண்பன் செத்துவிட்டான் என்ற தாவித்தின் வலி உண்மையானது. பாரிஸின் ஏழைகளும் உண்மையாகவே அழுதார்கள். மராவின் இதயத்தைத் தனியே எடுத்து, அவர் சார்ந்திருந்த கழகத்தின் கூடத்தில் தொங்கவிட்டு அஞ்சலி செலுத்தினார்கள்.

என் வழக்கு வேறு. சிலுவையில் தொங்கியவர் தம்மைக் கொன்றவர்களுக்காக மன்றாடினார். அந்தக் காயம் புனிதமானது அதனால்தான். மராவோ தம் பத்திரிகையில் நூற்றுக்கணக்கில் தலைகள் கேட்டவர். தாவித்தும் பொதுப் பாதுகாப்புக் குழுவில் இருந்துகொண்டு கைது ஆணைகளில் கையெழுத்திட்டார். அக்டோபர் 16 அன்று இந்த ஓவியம் லூவ்ர் முற்றத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே நாளில்தான் அரசியாயிருந்த மரி அந்துவானெத் கில்லட்டினுக்குக் கொண்டுபோகப்பட்டார். வழியில் தாவித் அவரையும் கோட்டோவியமாக வரைந்தார்: கைகள் பின்னால் கட்டப்பட்டு, உதடு இறுகி, முதுகு விறைத்து வண்டியில் அமர்ந்திருக்கும் பெண். ஒரு கோட்டில்கூட இரக்கம் இல்லை. மராவின் கையை அவ்வளவு மென்மையாக வரைந்த அதே கைதான் இதையும் வரைந்தது. என்னால் இந்த இரண்டு படங்களையும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

1794 செப்டம்பரில் மராவின் உடல் மாமனிதர்களின் கல்லறையான பாந்தியோனில் வைக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் வெளியே எடுக்கப்பட்டது. ஓவியம் தாவித்திடமே திரும்பியது. அவர் பிறகு நெப்போலியனின் முடிசூட்டு விழாவை வரைந்தார். முடியாட்சி திரும்பியதும் நாடுகடத்தப்பட்டு, 1825இல் பிரஸ்ஸல்ஸில் இறந்தார். 'மராவின் மரணம்' இன்று அந்த நகரத்திலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் வரைந்தவற்றில் இதுவே தலைசிறந்தது என்பேன். ஆனால் அது ஒரு புனிதரின் படம் அல்ல.