கூட்டமா, கூட நிற்பவரா?

தாயின் வயிற்றில் முதுகெலும்பு உருவாகும் முன்பே அதற்கு அச்சாக ஒரு மெல்லிய தண்டு தோன்றிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் முதுகுநாண் என்று படித்திருப்போம். வேலை முடிந்ததும் அது கரைந்துபோனாலும், சிலருக்கு அங்கங்கே கொஞ்சம் மிச்சம் தங்கிவிடும். அந்த மிச்சத்திலிருந்து, பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு, அபூர்வமாக ஒரு புற்றுக்கட்டி கிளம்புகிறது. பெயர் கோர்டோமா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும். மெதுவாகத்தான் வளரும், ஆனால் நரம்புகளை ஒட்டி வளர்வதால் அறுவை சிகிச்சை கடினம். எடுத்த பிறகும் பலருக்குத் திரும்ப வருகிறது.

எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெலிதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். புற்றுச் செல்கள் உள்ளே குமிழ் குமிழாகத் தெரியும். நடுவே பழுப்புப் புள்ளிகளாக நோய் எதிர்ப்புச் செல்கள். அவற்றில் எந்த வகை, எத்தனை, கட்டியின் உள்ளேயா ஓரத்திலா என்று கணக்கெடுத்தால் நோயின் போக்கை ஓரளவு ஊகிக்கலாம். 2006-இல் பிரான்சின் ஜெரோம் காலோன் குழு குடல் புற்றில் இதைக் காட்டியது. முதுகுத்தண்டு கோர்டோமாவிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

தலையை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். டி செல் என்பது எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை. கட்டிக்குள் இறங்கிப் புற்றுச் செல்லைக் கொல்லும் டி செல்லும் அங்கே இருக்கும். அதன் கையைப் பிடித்து நிறுத்தும் டி செல்லும் இருக்கும். இந்த இரண்டாம் வகையை 1995-இல் அடையாளம் காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி 2025-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளாமல் காக்கும் செல்தான் அது. கட்டிக்குள் போனால் அந்த நல்ல குணமே நோய்க்குக் குடை பிடிக்கிறது.

ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் உறவுக்கூட்டமும் இப்படித்தான். வராந்தாவில் நின்று "இந்த டாக்டர் சரியில்லை, வேற இடம் பாருங்க" என்று கலங்கடிப்பவரும் அக்கறையில்தான் பேசுகிறார். ராத்திரி பெஞ்சில் படுத்திருந்து, காலையில் லேபில் வரிசையில் நின்று ரிப்போர்ட் வாங்கி வருபவர் ஒருவர்தான் இருப்பார். நோயாளிக்குத் தெம்பு அவரால்தான்.

தெரிந்தவர் யாராவது இன்று கஷ்டத்தில் இருந்தால், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர் வேலைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.