நிலத்தின் விலையும் இருப்பதன் நியாயமும்

வீட்டுப் பஞ்சம் என்று சொல்லும்போது வீடுகள் போதவில்லை என்றே பொருள் கொள்கிறோம். எண்ணிக்கையில் குறை, எனவே எண்ணிக்கையைக் கூட்டினால் தீர்ந்துவிடும். அரசுக்கும் கட்டிட முதலாளிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் ஒருங்கே வசதியான எண்ணம் இது. எண்ணிக்கை யாரையும் தார்மீகமாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் சென்னையின் ஐம்பதாண்டு அனுபவம் வேறொன்றைக் காட்டுவதாக எனக்குப் படுகிறது. இங்கே ஏழைக்கு இல்லாமல் போனது வீடு மட்டுமல்ல, நகருக்குள் இருப்பதற்கான இடம்.

1970ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. மறுவருஷம் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. அந்த ஆரம்ப வருஷங்களில் மாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே எழுந்தன. கடற்கரையை ஒட்டி நொச்சிக்குப்பத்தில் மீனவர்களுக்குக் கட்டியவை அப்படிப்பட்டவை. கட்டிடத்தின் தரத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். ஆனால் கடலுக்குப் போகிறவன் கடலோரத்தில் இருக்கவேண்டும் என்ற எளிய நியாயம் அதில் இருந்தது. 1977ல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் வீட்டைக் கொடுக்காமல், தண்ணீரும் சாக்கடையும் தெருவும் போட்ட மனைகளைக் கொடுத்தார்கள். பெரிய மனைகளையும் கடைகளுக்கான மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்றுச் சிறிய மனைகளின் விலையைக் குறைத்தார்கள். அன்றைக்கு அவை நகரின் விளிம்புதான். என்றாலும் பலதரப்பட்ட வருமானக்காரர்களும் ஒரே தெருக்களில் கலந்தார்கள். கையில் காசு சேரச் சேர ஜனங்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கு ஓரத்தில் சுமார் 40,000 வீடுகள் எழுந்தன. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. கணக்குப் புத்தகத்தில் இது சாதனை. எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை பார்த்த ஓர் அம்மாள் பெரும்பாக்கம் போனபின் இரண்டு வீடுகளை விட்டுவிட்டார். விடியுமுன் பஸ் பிடித்தாலும் இரண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது. சுவர் கிடைத்தது, கூலி பாதியாயிற்று. கொடுத்ததை எழுதிவைக்க அரசிடம் பதிவேடு இருக்கிறது. எடுத்துக்கொண்டதை எழுத எந்தப் பதிவேடும் இல்லை.

ஆற்றங்கரை ஆபத்தானது, அது புறம்போக்கு நிலம் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துப்போன இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தண்ணீர் புகுவது புதுச் செய்தி அல்ல. தியாகராய நகரே 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டானதுதான். அங்கே மனை வாங்கியவரை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைப்பதில்லை. ஏரிக்குள் பட்டாவோடு இருப்பவர் குடிமகன், ஆற்றோரத்தில் பட்டா இல்லாமல் இருப்பவர் ஆக்கிரமிப்பாளர். தண்ணீர் இந்த வித்தியாசத்தை அறியாது. நம் சட்டமும் பேச்சும்தான் அறியும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மைலாப்பூரில் இருக்க விரும்புகிற எல்லோருக்கும் அங்கே இடம் தரமுடியாது. இடம் குறைவாக இருக்கும்போது விலை கொடுக்கக்கூடியவருக்கு அது போவதில் என்ன அநியாயம்?

இதற்குப் பதில் சொல்ல, விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டும். 1879ல் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் கேட்ட கேள்வி இது. நான் இருக்கும் தெருவில் மனை விலை எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது. அதற்காக யாரும் நிலத்தில் ஒரு பிடி மண்ணையும் கூட்டவில்லை. பஸ் வந்தது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தன. குப்பை தினமும் அள்ளப்படுகிறது. சமைக்கவும் துணி தேய்க்கவும் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளவும் கூப்பிடு தூரத்தில் ஆட்கள் கிடைக்கிறார்கள். இத்தனை பேரின் உழைப்பும் அருகாமையும் சேர்ந்துதான் அந்த நிலம் விலை பெற்றது. அந்த விலையே அவர்களை வெளியே தள்ளுகிறது. விலையை உண்டாக்கியவர் விலை கொடுக்கமுடியாதவர் என்று வெளியேற்றப்படுகிறார். இதைச் சந்தையின் இயல்பு என்று சொல்வது விளக்கமாகலாம், நியாயமாகாது.

1985ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் வாசல்வரை வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. பிழைப்பு பக்கத்தில் இருப்பதால்தான் அவர்கள் அங்கே படுக்கிறார்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டது. பிறகு, முறைப்படி அறிவித்துவிட்டு அகற்றலாம் என்று தீர்ப்பளித்தது. அறத்தை ஒப்புக்கொண்டு அதன் விளைவை மறுக்கும் இந்த மனப்பான்மை நீதிபதிகளுக்கு மட்டும் உரியதல்ல, நம் எல்லோருடையதும்.

வேறு வழி இருந்ததில்லை என்றும் சொல்லமுடியாது. முதல் உலகப் போரில் தோற்று, பணவீக்கத்தில் நொடிந்துபோயிருந்த வியன்னா 1923ல் வீட்டு வரி போட்டது. சிறு வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு மிக அதிகம். 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகளை நகராட்சியே கட்டியது. இன்று அதன் கையில் சுமார் 2,20,000 வீடுகள், நகரின் எல்லா வட்டாரங்களிலும் பரவிக் கிடக்கின்றன. நிலத்தைக் கைவிடாமல் வைத்துக்கொண்டதும், ஏழையை ஒரே மூலையில் குவிக்காததும்தான் அங்கே முக்கியம். கட்டிடக்கலை அப்புறம்தான்.

நம்மிடமும் இடம் இல்லாமல் இல்லை. வாரியம் நகருக்குள் தன் பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயர்த்திக் கட்டி வருகிறது. செய்யமுடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மெட்ரோ ரயிலால் விலை ஏறும் நிலத்தில், அரசு விற்கத் துடிக்கும் நிலத்தில், பெரிய கட்டிடங்களுக்குக் கூடுதல் மாடி அனுமதிக்கும் இடத்தில், ஏறிய மதிப்பின் ஒரு பங்கைப் பணமாக அல்ல, அங்கேயே வீடாகத் திருப்பிக் கேட்கவேண்டும். பணமாக வாங்கினால் அது மறுபடியும் பெரும்பாக்கத்தில்தான் போய் நிற்கும். இதைத் தருமம் என்று நினைக்கவேண்டியதில்லை, பழைய பாக்கி.

2021ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாற்றத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வாழ்விடம் என்ற சொல்லில் இடம் என்பது இருக்கிறது. அந்தப் பாதியையும் சேர்த்துக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு.