சாமி எடுத்துக் கொடுத்த அடி

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆவணி மூலத் திருவிழா வந்தால் தருமிக்குப் பொற்கிழி அருளிய லீலையும் வரும். 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் புலம்பிய புலம்பலால் கதை தெரியாதவர் இல்லை. ஆனால் அதில் ஒரு விநோதம் உண்டு. சொக்கநாதர் தருமிக்கு முழுப் பாட்டையும் எழுதிக் கொடுத்தார். சங்கத்தில் நக்கீரர் குற்றம் கண்டது அந்தப் பாட்டில்தான்.

மற்ற ஊர்களில் சாமி இவ்வளவு தாராளம் காட்டவில்லை. தில்லையில் சேக்கிழாருக்குக் கிடைத்தது ‘உலகெலாம்’ என்ற ஒரே சொல். அதை முதற்சொல்லாக வைத்துத் தொடங்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கடந்து, பெரியபுராணத்தின் கடைசிச் சொல்லாகவும் அதையே வைத்து முடித்தார். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரருக்குக் கிடைத்ததோ ‘பித்தா’. கல்யாணத்தைத் தடுத்த கிழவரை அவரே திட்டிய வசவு அது. பதிகத்தின் முதற்சொல்லாகத் திரும்பி வந்தது.

அப்படியானால் பாட்டு யாருடையது? எல்லாம் அவன் அருள் என்பார் பக்தர். நூலுக்கு மதிப்புக் கூட்டப் பின்னால் கட்டிய கதை என்பார் சந்தேகக்காரர். இரண்டு பேருமே, அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு புலவர் பட்ட பாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

கந்தபுராணக் கதை இன்னும் சுவையானது. காஞ்சி குமரகோட்டத்தில் முருகனே கச்சியப்பருக்கு அடியெடுத்துக் கொடுத்தான் என்கிறார்கள். அரங்கேற்றத்தில் முதல் சொல்லிலேயே தடை விழுந்தது: ‘திகழ்’ என்பதும் ‘தச’ என்பதும் சேர்ந்து ‘திகடச’ என்றாவதற்கு விதி எங்கே? ‘சாமி சொன்னது’ என்ற பதிலைச் சபை ஏற்கவில்லை. வீரசோழியத்தில் விதி இருப்பதைக் காட்டிய பிறகே புராணம் மேலே நகர்ந்ததாம். சாமிக்கும் இலக்கணத்தில் சலுகை இல்லை!

சொல் கொடுப்பவர் மனிதரானால் கொஞ்சம் குறும்பும் சேர்ந்துகொள்ளும். செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடித்து முருகனைப் பாடு என்று காளமேகத்தை மடக்கப் பார்த்தார்களாம். அவர் முதற்சொல்லைச் ‘செரு’, ‘புக்கு’ என்று பிரித்தார். செருப்பு போர்க்களம் புகுந்தது. விளக்குமாறு, விளக்கிச் சொல்லும் விதமாயிற்று. 1907-ல் சென்னையில் சதாவதானம் செய்த கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலரிடம், துருக்கனுக்கு ராமனைத் துணையாக்கும் ஈற்றடியை நீட்டியதாகச் சொல்வார்கள். பாவலர் இஸ்லாமியர், சீண்டல் வெளிப்படை. அவர் முன்னால் ‘சத்’ சேர்த்தார். துருக்கன் ராமனின் தம்பி சத்துருக்கன் ஆகிவிட்டான்.

இன்று கல்லூரிப் போட்டிகளில் நாலைந்து சொல்லைக் கொடுத்துக் கவிதை எழுதச் சொன்னால், உள்ளிருந்து வராதது கவிதையா என்று முகம் சுளிப்பவர் உண்டு. சுந்தரருக்கும் சேக்கிழாருக்கும் முதற்சொல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால் அவர்கள் பக்தி குறைந்துவிடவில்லை. கேட்க வேண்டியது சொல் எங்கிருந்து வந்தது என்பதல்ல. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதே.

தருமி கொண்டுபோன பாட்டு இன்றும் குறுந்தொகையில் இருக்கிறது, இறையனார் பெயரில். தொகுத்தவர்கள் அதற்குக் கொடுத்த எண் 2. முதல் எண் திப்புத்தோளார் என்ற புலவருக்கு.