யாருடைய தண்ணீரில் உங்கள் லான்?

ராகுகாலம் பார்ப்பதில்லை, வாஸ்து பார்ப்பதில்லை, மகளுக்கு ஜாதகம் பார்க்காமலே திருமணம் செய்துவைத்தோம் என்று சொல்லும் பகுத்தறிவாளர்கள் பலரை எனக்குத் தெரியும். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர்களில் சிலர் வீட்டு முன்புறத்தில் கொரியன் புல் பதித்த லான் இருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. பிள்ளைகள் ஓடினால் அதட்டல் விழுகிறது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர். எதற்காக வளர்க்கிறீர்கள் என்று கேட்டால், "எல்லாரும் போடுறாங்க, பார்க்க நல்லா இருக்கு" என்பதைத் தாண்டிப் பதில் வராது. சடங்கு செய்கிறவரும் இதே பதிலைத்தான் நம்மிடம் சொன்னார். அவரை விடாமல் மடக்கிக் கேட்ட பகுத்தறிவாளர்களான நாம், நம்மையும் அப்படியே கேட்டாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். சென்னைக் கோடையில் புல் பச்சை மாறாமல் இருக்க நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்காவது நீர் வேண்டும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அதாவது ஒரு சென்ட் லானுக்குத் தினமும் 200 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கியிருக்கும் அளவு 55 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள். ஏறக்குறைய நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் பங்கை ஒரு சென்ட் புல் குடிக்கிறது.

அந்தத் திட்டம் அறிவிக்கப்பட்ட 2019-ஆம் ஆண்டில்தான் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ஊரே வாய்பிளந்து பார்த்த அந்த ஒரு ரயில் தண்ணீரை, மேலே போட்ட கணக்குப்படி, 125 ஏக்கர் லான் ஒரே நாளில் குடித்துத் தீர்த்துவிடும். தெருக்குழாயில் குடத்தை வரிசை வைத்துக் காத்திருந்த பெண்ணிடம் போய், என் வீட்டுப் புல் வாடுகிறது என்று எந்த முகத்தோடு சொல்வோம்?

"நாங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் ஊற்றுகிறோம்" என்பார்கள் அடுக்ககவாசிகள். லாரித் தண்ணீர் ஊற்றுவதைவிட அது மேல், மறுக்கவில்லை. ஆனால் அதே நீரைக் கழிவறைத் தொட்டிகளுக்குத் திருப்பினால் அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சம். மரங்களுக்கு விட்டால் நிழல். புல்லுக்கு விட்டால்? நடக்கவும் முடியாத ஒரு பச்சை நிறம்.

இந்தப் புல்வெளி ஆசை எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆண்டு முழுக்கத் தூறல் விழும் இங்கிலாந்தில், இவ்வளவு நிலத்தை விளைச்சல் இல்லாமல் சும்மா போட்டுவைக்க எனக்கு வசதி இருக்கிறது என்று காட்ட நிலப்பிரபுக்கள் வைத்துக்கொண்டது அது. 1830-இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு நடுத்தர வர்க்கத்துக்கும் இறங்கியது. நம் ஊருக்குத் துரைமார்களின் பங்களாவோடும் கிளப்போடும் வந்து சேர்ந்தது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிட்டு, மற்ற மாதங்களில் பெரும்பாலும் காயும் நிலம் சென்னை. இங்கே அந்தப் பச்சையைப் பிடித்துவைக்கத் துடிப்பது, துரை போன பிறகும் துரைக்குக் கட்டும் கப்பம்.

கப்பத்தைச் செலுத்துகிறவர்கள் யார் என்பதையும் பாருங்கள். உச்சி வெயிலில் குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து களை பிடுங்கும் பெண்களை எந்தப் பெரிய வளாகத்திலும் பார்க்கலாம். சாப்பாட்டு நேரம் வந்தால் அவர்கள் தூக்குவாளியோடு மதில் ஓரம், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். தாங்கள் சீர் செய்த புல்லின் மேல் உட்கார அவர்களுக்கு அனுமதி இல்லை. உழைக்கிறவரை உள்ளே விடாத இடங்களை எதிர்த்துப் போராடிய வரலாறு நமக்கு உண்டு. வாசலிலேயே அப்படி ஓர் இடத்தை வளர்த்துக்கொண்டு அந்த வரலாற்றைப் பேசக் கூடாது.

அதற்காகப் பழைய சாண வாசலுக்குத் திரும்பச் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து அதைப் பெருக்கித் தெளித்தவள் வீட்டுப் பெண். அவளுடைய முதுகுவலியை மரபு என்று கொண்டாட நான் தயாரில்லை. சிமென்ட் கல் பாவுவதும் தீர்வல்ல. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், மழை இறங்க இடமில்லாமல் நிலத்தை மூடுவது முட்டாள்தனம். பிளாஸ்டிக் புல் வெயிலில் காலைச் சுடும். சில ஆண்டுகளில் குப்பை.

அப்படியானால் வேறு என்ன வழி? நம் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விதைக்காமலே படர்ந்து கிடக்கிறது பொடுதலை. இலை நுனியில் மட்டும் பல் பல்லாக இருக்கும். நீண்ட காம்பின் முனையில் திப்பிலி போன்ற சிறு கொத்து, அதைச் சுற்றி வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செடி. கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மிதித்தால் தாங்கும், காய்ந்தாலும் மழை கண்டால் தழைக்கும். இதே இனத்திலிருந்து ஜப்பானில் விதை பிடிக்காத ஒரு வகையை உருவாக்கி, லானுக்கு மாற்றாக விற்கிறார்கள்.

பொடுதலையைப் போடுவதும் கடினமில்லை. கோடையிலேயே பழைய புல்லைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். கோரைக்கிழங்கைத் தேடித் தேடிப் பொறுக்குவதில்தான் பொறுமை தேவை. அதை விட்டுவிட்டு எதை நட்டாலும் வீண். ஐப்பசி மழை பிடித்ததும், இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாகத் தண்டை நறுக்கி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். முதல் சில மாதங்கள் களை எடுப்பது கட்டாயம். பிறகு அதுவே பின்னி நிலத்தை மூடிக்கொள்ளும். வேண்டாத பக்கம் ஓடாமல் இருக்க ஓரத்தில் செங்கல் வரிசை போதும். பூவுக்குத் தேனீ வரும். வெறுங்காலோடு பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் பூக்குமுன் வெட்டிவிடுங்கள். மர நிழலில் பொடுதலை சரிப்படாது. அங்கே சருகைப் பெருக்காமல் மூடாக்காக விட்டாலே போதும்.

நாட்டுச் செடி என்பதாலேயே அது புனிதம் ஆகிவிடாது. பொடுதலையின் நெருங்கிய உறவான ஒரு செடி ஆஸ்திரேலியாவின் மரே-டார்லிங் வெள்ளச் சமவெளியில் மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் களை. எந்தச் செடியானாலும் அது எந்த மண்ணில், யாருக்கு என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் நட வேண்டும். நர்சரியில் "பராமரிப்பே வேண்டாம்" என்று மஞ்சள் பூவோடு நீட்டுவார்களே, அந்த வெடேலியாவை வாங்காதீர்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. பிள்ளையாருக்கு மாலையாகிற அருகம்புல்லைக் கொரியன் புல்லுக்குள் கண்டால் களை என்று பிடுங்குகிறோம். வெயிலைத் தாங்கும் அந்த அருகையே வளரவிட்டால் பாதி வேலை மிச்சம்.

பிள்ளைகள் பந்தாடும் திடலை நான் எதிர்க்கவில்லை. வெட்டுகிறவரைத் தவிர வேறு யார் காலாவது அந்தப் புல்லில் படுகிறதா என்பதே கேள்வி. இந்த வேறுபாட்டை அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021-இல் சட்டமாகவே ஆக்கியது. லாஸ் வேகஸ் வட்டாரத்தில் வளாகங்களிலும் சாலையோரங்களிலும் யாருக்கும் பயன்படாத அலங்காரப் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீர் 2026-ஆம் ஆண்டோடு நிறுத்தப்படும்.

நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். லானுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? அந்தத் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.