பிழை இல்லை என்று எப்படித் தெரியும்? டயல்-அப் மோடமும் அளவை வாதமும்

தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு மோடம் அனுப்பியதை இன்னொரு மோடம் வாங்கும்போது, வாங்குகிற முனையில் மூலம் இருப்பதில்லை; வந்து சேர்ந்தது மட்டுமே இருக்கிறது. அனுப்பியதுதான் வந்ததா என்று ஒத்துப் பார்க்க மூலம் கையில் வேண்டும். மூலம் கையில் இருந்தால் அனுப்பவே வேண்டியதில்லை. 1980களிலும் 90களிலும் மோடத்தை வேகமாகவும் பிழையின்றியும் ஓடவைக்க முயன்றவர்கள் அனைவரும் இந்த முடிச்சோடுதான் மல்லுக்கட்டினார்கள். இந்தியத் தருக்க நூல்கள் இதையே அறிவைப் பற்றிய கேள்வியாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விவாதித்திருக்கின்றன. ஓர் அறிவு எழும்போதே அது மெய் என்பதும் அதனோடு சேர்ந்து வருகிறதா, அல்லது இன்னோர் அறிவு வந்து அதை மெய்யென்று காட்ட வேண்டுமா? முன்னது மீமாம்சகர் கட்சி, பின்னது நையாயிகர் கட்சி.

தொலைபேசி இணைப்பு மனிதப் பேச்சுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே அதில் கடந்து போகும். 1960களின் பெல் 103 மோடம் அதில் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. 1994இல் வந்த வி.34 தரம் 28,800 பிட் அனுப்பியது. இரண்டு ஆண்டில் அது 33,600 ஆனது. அதே கம்பி, அதே இரைச்சல். வேகம் கூடக் கூட ஒரு குறியீட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு நுண்ணியதாகிறது. சிறு சலசலப்பும் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடுகிறது. இப்படி இரைச்சலுள்ள எந்தத் தடத்துக்கும் ஒரு கொள்திறன் உண்டு என்றும், அதற்குக் கீழே அனுப்பினால் பிழைக்கான வாய்ப்பை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம் என்றும் கிளாட் ஷானன் 1948இல் நிறுவினார். குறைத்துக்கொண்டே போகலாம் என்றுதான் அவர் கணக்கு சொல்கிறது. அறவே இல்லாமல் செய்துவிடலாம் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

ஐயம் என்னும் கருவியைத் தொடர்பாடலுக்குள் கொண்டுவந்த எளிய உத்தி பாரிட்டி பிட். ஓர் எழுத்தில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்பதை மட்டும் அது சொல்லும். ஒரு பிட் புரண்டால் கண்டுபிடிக்கும். இரண்டு புரண்டால் எல்லாம் சரி என்று சான்று தரும். 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் என்ற கோப்பு மாற்று முறை, 128 பைட் கொண்ட ஒவ்வொரு கட்டுக்கும் பின்னால் அவற்றின் கூட்டுத்தொகையை அனுப்பியது. கூட்டலுக்கு வரிசை தெரியாது. இரண்டு பைட்டுகள் இடம் மாறி வந்தாலும் தொகை மாறாது. பின்னர் வந்த சிஆர்சி முறை வரிசையையும் கணக்கில் எடுத்தது. 16 பிட் சிஆர்சி, அடுத்தடுத்து 16 பிட் வரை நீளும் எந்தச் சிதைவையும் தவறாமல் பிடித்துவிடும். அதற்கு மேல் தாறுமாறாகச் சிதைந்தால் 65,536இல் ஒன்று நழுவிப் போகலாம். 32 பிட் சிஆர்சியில் அது ஏறக்குறைய 429 கோடியில் ஒன்று. ஒவ்வொரு சோதனையும் தன் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை வகையை விட்டுவைக்கிறது. அந்த வகையைப் பொறுத்தவரை 'சரி' என்று அது சொல்வதற்குப் பொருளே இல்லை.

வி.42 தரம் இந்தச் சோதனையை மோடத்துக்குள்ளேயே வைத்தது. அனுப்பும் மோடம் செய்தியைச் சட்டகங்களாக வெட்டி, ஒவ்வொன்றோடும் சிஆர்சியைச் சேர்க்கும். வாங்கும் மோடம் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒத்துவராததைத் திரும்பக் கேட்கும். சோதனை வைத்தால் வேகம் குறையும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. சாதாரண இணைப்பில் ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் தொடக்கமும் முடிவும் குறிக்க இரண்டு பிட் வீணாகும், வி.42 அவற்றைக் களைந்துவிடுகிறது. அதனால் 28,800 பிட் இணைப்பில் நொடிக்கு 2,880 எழுத்துக்குப் பதிலாக 3,300ஐ ஒட்டிக் கிடைக்கும். அதன்மேல் வி.42பிஸ் சுருக்கம் சேர்ந்தால், வெற்று உரைக்கு இன்னும் கூடும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பில் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. பழைய எம்என்பி 5 சுருக்க முறையோ அத்தகைய கோப்பைப் பெரிதாக்கியே அனுப்பும்.

மோடத்தை அமைப்பவர்கள் பெரும்பாலும் இடறி விழுந்தது தொலைபேசிக் கம்பியில் அல்ல, மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே இருந்த ஒரு முழ நீள வயரில். சுருக்கம் நான்கு மடங்கு வரை போகலாம் என்பதால் 28,800 மோடத்துக்குக் கணினியின் சீரியல் போர்ட்டை 1,15,200இல் வைக்க வேண்டும். அந்த வேகத்தில் சுமார் 87 மைக்ரோ நொடிக்கு ஓர் எழுத்து வந்து இறங்கும். அந்தப் போர்ட்டை இயக்கிய பழைய 8250, 16450 சில்லுகளில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். கணினி கொஞ்சம் தாமதித்தால் அடுத்தது அதன் மேல் எழுதிவிடும். 16550ஏ சில்லில் 16 எழுத்து தேங்கி நிற்கலாம். கம்பியைக் கடந்து, சிஆர்சி சோதனையிலும் தேறிய எழுத்து இப்படி வாசற்படியில் தொலைந்து போனால் வி.42க்கு அது தெரியவே தெரியாது. அதன் பொறுப்பு வாசலுக்கு வெளியிலேயே முடிந்துவிட்டது.

'கொஞ்சம் நில்' என்று கணினி மோடத்திடம் சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. எக்ஸ்-ஆஃப் முறையில் 19ஆம் எண் கொண்ட எழுத்தை அனுப்பினால் நிற்கும். 17ஐ அனுப்பினால் மீண்டும் ஓடும். ஆனால் ஒரு படக்கோப்பிலும் 19 வரும். அங்கே அது செய்தியின் ஒரு துளி. மோடத்துக்கு இரண்டும் ஒன்றே: நின்றுவிடும். அதனால்தான் கோப்பு மாற்றத்துக்குத் தனிக் கம்பிகளில் சைகை காட்டும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் முறையே வைக்கப்பட்டது. ராக்வெல் சில்லுள்ள மோடங்களில் 'ஏடி&எஃப்' என்று தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, '&கே3' என்று இதைத் தேர்ந்து, '&டபிள்யூ' என்று நினைவில் பதிய வைப்பார்கள். கட்டளையையும் செய்தியையும் பிரிக்கும் இதே சிக்கலுக்கு ஹேய்ஸ் என்ற மோடம் நிறுவனம் கண்ட தீர்வு நயமானது. மூன்று கூட்டல் குறிகள், அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம். மௌனம் இருந்தால் கட்டளை, இல்லாவிட்டால் வெறும் எழுத்து. அந்த உத்திக்குக் காப்புரிமை இருந்ததால் சில தயாரிப்பாளர்கள் மௌனத்தை விட்டுவிட்டு மோடம் செய்தார்கள். மூன்று கூட்டல் குறியும் துண்டிக்கும் கட்டளையும் ஒரு செய்தியில் அடுத்தடுத்து வந்தாலே அத்தகைய மோடங்கள் இணைப்பைத் துண்டித்துக்கொண்டன. குறியைப் பயன்படுத்துவதும் குறியைப் பற்றிப் பேசுவதும் வேறு வேறு என்று இலக்கணிகளும் தருக்கிகளும் சொன்னதை அந்த மோடங்களின் சொந்தக்காரர்கள் தொலைபேசிக் கட்டணம் கட்டித் தெரிந்துகொண்டார்கள்.

சோதனைக்கு மேல் சோதனை வைக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? நையாயிகரை நோக்கி மீமாம்சகர் வீசும் கேள்வி இதுதான். ஓர் அறிவை மெய்ப்பிக்க இரண்டாவது வேண்டுமென்றால், இரண்டாவதை மெய்ப்பிக்க மூன்றாவது வேண்டும். முடிவே இல்லாத இந்த ஓட்டத்துக்கு அனவஸ்தை என்று பெயர். ஏழாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த குமாரில பட்டர், எழுந்த அறிவைத் தன்னளவில் மெய்யென்றே கொள்ள வேண்டும், மறுக்கும் அறிவு வந்தாலோ அறிவு எழுந்த காரணத்தில் குறை தெரிந்தாலோ மட்டுமே அதைக் கைவிட வேண்டும் என்றார். ஐயம் எழுந்தாலும் மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் போக வேண்டியதில்லை என்பதும் அவர் கருத்து. டயல்-அப் இணைய இணைப்பை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: வி.42இன் சிஆர்சி, பிபிபி நெறிமுறைச் சட்டகத்தின் சோதனை, டிசிபி நெறிமுறையின் கூட்டுத்தொகை, ஜிப் கோப்புக்குள் உள்ள சிஆர்சி. நான்கு. பொறியாளர்கள் யாரும் குமாரிலரின் சுலோகவார்த்திகத்தைப் புரட்டிப் பார்த்து இதை முடிவு செய்யவில்லை. செலவும் பயனும் கணக்குப் பார்த்து அங்கே வந்து நின்றார்கள்.

நையாயிகர் பதிலும் எளிதில் தள்ளத் தக்கதல்ல. அறிவு மெய்யா என்பதை அதை நம்பிச் செய்த செயல் பலிப்பதால் அறியலாம் என்று வாத்ஸ்யாயனர் நியாய நூலுக்குத் தாம் எழுதிய உரையின் தொடக்கத்திலேயே சொல்கிறார். தண்ணீர் என்று கண்டது தாகம் தீர்த்தால் தண்ணீர். இறக்கிய நிரல் பிரிந்து, ஓடி, வேலை செய்தால் அது சரியாக வந்தது. பின்வந்த நையாயிகரான உதயணர் இதோடு ஐயத்துக்கு ஓர் எல்லையும் வைத்தார்: தன் செயலே எதை நம்பி நிற்கிறதோ அதை ஒருவர் ஐயுற முடியாது.

இந்த வாதத்தில் நையாயிகர் பக்கம் எடை கூட்டும் நிகழ்ச்சி ஒன்றை கணினி அறிஞர்களான சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 'முனைக்கு முனை' கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். எம்ஐடியில் பல வலையமைப்புகளை இணைத்த கணினிகளுக்கு இடையே ஒவ்வொரு கட்டத்திலும் பிழைச் சோதனை இருந்தது. அதை நம்பியவர்கள் கோப்பு முழுமையாக வந்ததா என்று தனியே பார்க்கவில்லை. வழியில் இருந்த ஒரு கணினிக்குள், வந்த பொட்டலத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட்டுகள் இடம் மாறின. கம்பியில் பிழை இல்லை. சோதனைகள் எல்லாம் தேறின. ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் திரும்பத் திரும்ப அந்த வழியே போய்வந்து சிதைந்தன. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு மனிதர்கள் கண்ணால் ஒத்துப் பார்த்துத் திருத்தினார்கள். இடைவழிச் சோதனைகள் வேகத்துக்கு உதவும், மெய்ம்மைக்கு இரண்டு முனைகளே பொறுப்பு என்பது அந்தக் கட்டுரையின் முடிவு.

வந்தது அனுப்பியதுதான் என்று எவ்வளவு உறுதியானாலும், அனுப்பியது உண்மையா என்பது அப்படியே நிற்கிறது. பொருள் தம் கணக்கில் சேராது என்று ஷானன் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தார். நையாயிகருக்கு அது போதாது: பிறர் சொல்லால் அறியும் உரை அளவை செல்லுபடியாக, சொன்னவர் ஆப்தராக, அதாவது நம்பத் தக்கவராக இருக்க வேண்டும். மீமாம்சகருக்கோ வேதத்தைச் சொன்னவர் என்று யாருமில்லை. சொன்னவர் இல்லாத இடத்தில் சொன்னவர் குற்றமும் இல்லை. குற்றம் புகுந்தால் அது கடத்துவதில்தான் புக முடியும். அந்த நிலையில் இருந்து பார்த்தால், சொற்களை முன்னும் பின்னுமாக மடக்கி ஓதும் ஜடை, கனம் ஆகிய பாட முறைகள் ஏன் அவ்வளவு கண்டிப்பாகக் காக்கப்பட்டன என்பது விளங்கும். வரிசை மாறினால் கூட்டுத்தொகைக்குத் தெரியாது. கனம் ஓதுபவருக்குத் தெரிந்துவிடும்.

ராக்வெல் வகை மோடங்களில் இந்த விவாதம் முழுவதும் ஒரே கட்டளையில் வந்து நிற்கிறது. '\என்3' என்று வைத்தால் மோடம் பிழைதிருத்தத்துக்கு முயலும். எதிர்முனை ஒத்துவராவிட்டால் சோதனை இல்லாத இணைப்பையே ஏற்றுக்கொள்ளும். '\என்4' என்று வைத்தால் வி.42 இல்லாத இணைப்பு வேண்டாம் என்று துண்டித்துவிடும். எல்லா வேலைக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. தட்டச்சு உரையாடலில் ஓர் எழுத்து பிசகினால் படிப்பவரே திருத்திக்கொள்வார். தொலைநகலில் ஒரு கோடு சிதைந்தாலும் கடிதம் படிக்கக் கிடைக்கும். சுருக்கிய நிரல் கோப்பில் ஒரு பிட் புரண்டால் கோப்பு முழுவதும் வீண். கம்பி இரைச்சலாக இருந்த ஊர்களில், உச்ச வேகத்தை விட்டு ஒரு படி கீழே வரம்பு கட்டி, பிழைதிருத்தத்தைக் கட்டாயமாக்கி வைப்பதே கோப்பு இறக்குபவருக்கு ஏற்றதாக இருந்தது. திரும்பக் கேட்கும் சட்டகங்கள் குறைந்ததால் கோப்பு முன்னதாகவே வந்து முடிந்துவிட்டது.