வடித்த நீரும் வாங்கிய பொன்னும்

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் இல்லங்களில் வழிவழி வந்த ஒழுக்கம். வடித்த துணியை அலசி, அந்நீரை எடுத்த கிணற்றிலேயே சேர்ப்பர் மூத்தோர். கண்ணுக்குப் புலப்படாத உயிரும் தன் இடத்தில் வாழ வேண்டும் என்பதே கருத்து. இத்துணை நுட்பமாக உயிரோம்பும் நாம், ஓர் ஆறே மாண்ட செய்தியை எவ்வாறு எண்ணுவது?

2000-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இரவு, ருமேனியா நாட்டின் பாயா மாரே நகருக்கருகே ஒரு கழிவுக்குளத்தின் கரை உடைந்தது. பழைய சுரங்கக் கழிவு மண்ணிலிருந்து எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுத்த ஆலையின் குளம் அது. மழையும் உருகிய பனியும் சேர்ந்து அதனை நிரப்பியிருந்தன. சயனைடு கலந்த நீர் ஏறத்தாழ 1,00,000 கன மீட்டர் வெளியேறி, சோமேஷ் ஆற்றின் வழியே ஹங்கேரியின் டிசா ஆற்றில் புகுந்து, பின் டான்யூபை அடைந்தது. உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்கொள்ளவொட்டாமல் சயனைடு தடுத்துவிடும். ஆதலின் நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் மூச்சுமுட்டிச் சாகும். ஹங்கேரியில் மட்டும் இறந்த மீன்கள் 1,000 டன்னுக்கு மேல் என அந்நாட்டினர் மதிப்பிட்டனர். நச்சுநீர் கடந்த இடங்களில் மிதவை நுண்ணுயிர்கள் ஏறத்தாழ முற்றும் அழிந்தன. மேலாற்றின் தூய நீர் வந்தபின், சில நாட்களில் மீண்டும் தோன்றின. நாம் துணியில் வடித்துக் காப்பது இவை போன்ற சிற்றுயிர்களையே! சயனைடு நாளடைவில் சிதைந்துவிடும். உடன் வந்த உலோகங்களோ வண்டலில் தங்கும் இயல்புடையவை.

கொல்லும் எண்ணம் அங்கு எவருக்கும் இல்லை, பொன்னே நோக்கம். அப்படியாயின் இது கொலையாகுமா? தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, முதலிடம் பெறுகிறது. குளிர்நாட்டில் பனி உருகுவது எதிர்பாராத நிகழ்ச்சியன்று. மிகுநீர் வெளியேற வழி வைக்காமல் குளம் அமைத்ததே பிரமாதம். தொழில்வழி நேரும் இம்சையை இல்லறத்தானால் முற்றும் தவிர்க்கவியலாது என்று நம் ஆசிரியர்கள் இடமளித்துள்ளனர். அவ்விடத்தை ஓர் ஆற்றின் அழிவு வரை நீட்டுவது பொருந்தும் என எனக்குத் தோன்றவில்லை.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினை வரும் வாயில்கள் என்றால், பொன் வாங்குவோன் எதனுள் அடங்குவான்? வரும் தையில் என் மகளுக்குத் திருமணம். நகைக்கடையில், இப்பொன் எந்நாட்டில் தோண்டியது என வினவினேன். "உருக்கின தங்கத்துக்கு ஊர் ஏதுங்க ஐயா?" என்று கடைக்காரர் நகைத்தார். அவர் கூறியதில் பிழையில்லை. விசாரித்து அறிய வழியும் இல்லை. ஆதலின் வீட்டிலிருந்த பழைய நகைகளையே உருக்கிச் செய்யக் கொடுத்து வந்தேன். பேசியதற்கு மூன்று சவரன் குறைகிறது. சம்பந்தி வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை.